மருந்து மாத்திரை இல்லாமல்

“வெளிய வாக்கா! உள்ள குந்திகினு கண்ண மூடிக்கினா நான் பூடுவேனா? எனக்கு ஒரு பதில சொல்லிட்டு அப்பால ஜெபம் பண்ணு!”

வேம்புலி இதை இரண்டாம் தடவை சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் ஏழு வீட்டுக் கதவுகள் திறந்தாகிவிட்டன. திறக்காதது ஆறாம் நம்பர் மட்டும். அதுதான் பொன்னம்மாள் வீடு. அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டார்கள். பம்பு கிறீச்சிட்டால் சண்டை தெளிவாகக் காதில் விழாது.

வேம்புலி மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன். எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு இரும்புக் கம்பிகளை ஏற்றிப் போய் இறக்குவான். சாதாரணமாக அவனுக்குச் சத்தமே வராது. அன்றைக்கு ஒரு பால்பவுடர் டப்பாவைத் தூக்கிப் பிடித்தபடி அந்த மனிதன் கத்திய கத்தலில் மூன்றாம் வீட்டுக் கோழி கூண்டுக்குள் போய்விட்டது.

“இன்னா வேம்புலி, காலங்காத்தால?” என்று லுங்கியை இறுக்கிக்கொண்டு கக்கூஸ் பக்கமிருந்து வந்தான் தேவராஜ். பொன்னம்மாளின் புருஷன். டிரில்லிங் மிஷினில் வேலை. சண்டைக்கு ஆகாத ஆள்.

“உன் பொண்டாட்டிய கூப்புடு, மச்சான். உன்னாண்ட எனக்கு பேச்சில்ல.” வேம்புலி டப்பாவைத் துணி துவைக்கிற கல்மேல் கவிழ்த்தான். சிவப்புச் சிவப்பாய்க் குளிகைகள் கொட்டின. மழைக்கால ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, சின்னச் சின்னக் கொத்தாக இருந்தன. “பாத்தியா? ஒரு மாசத்து மாத்திரை. கெவுர்மெண்டு ஆஸ்பத்திரில க்யூல நின்னு நான் வாங்கியாந்தது. எம் பொண்டாட்டி முழுங்கிக்கினு கீறான்னு நானு நெனச்சிக்கினு கீறேன். அரிசிப் பானைக்கு அடில கீது! ஏண்டின்னு கேட்டா, எஸ்தரக்காவுக்கு மாத்திரை இல்லாம சொகமாச்சு, எனுக்கும் ஆவும்னு சொல்றா. அவளுக்கு இன்னா நோவு தெரியுமா? டி.பி. நைனா, டி.பி.!”

எஸ்தர் என்பது பொன்னம்மாளின் ஞானஸ்நானப் பெயர். சபைக்குள் மட்டும் செல்லும். வரிசைக்கு அவள் பொன்னம்மாள்தான்.

ஆறாம் நம்பர் கதவு திறந்தது. பொன்னம்மாள் ஈரத்தலையில் துண்டோடு வந்து நின்றாள். கல்மேல் கிடந்த சிவப்பைப் பார்த்தாள். அப்புறம் தேவராஜைப் பார்த்தாள். தேவராஜ் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். இந்தப் பார்வையை வரிசையில் எல்லோரும் பார்த்தோம். அர்த்தம் புரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அவளைப் பற்றிப் பிறகு.

“தாயம்மாவ கூப்புடு,” என்றாள் பொன்னம்மாள்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தாயம்மா மூன்றாம் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேன்டீனில் அண்டா தேய்த்த கை. இரண்டு மாதத்தில் வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்திருந்தது.

“அவங்கள ஏன்யா இட்டாந்து நிக்க வெக்கிற?” என்று புருஷனைக் கேட்டாள். “நான்தான் முழுங்கல. அவங்க சொல்லல. நானா எடுத்த முடிவு.”

“தாயம்மா, மாத்திரைய சாப்புடு,” என்றாள் பொன்னம்மாள்.

தாயம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. வேம்புலி கத்துவதை விட்டுவிட்டு அவள் முதுகைத் தடவினான். பிறகு அவள் கேட்டாள்:

“நீ சாப்புட்டியாக்கா?”

இதற்கு ஒரு பதில் இருந்தது. ஒரே வார்த்தை. அதைச் சொல்லப் பொன்னம்மாள் வாய் திறந்ததைக்கூட நாம் பார்த்தோம். அதற்குள் எஸ்டேட்டில் முதல் சங்கு ஊதிவிட்டது. அவள் உள்ளே போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டாள்.

மண்ணூர்பேட்டையில் அந்த வரிசைக்குச் சொந்தக்காரர் பரந்தாமன். எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே அடிபம்பு, ஒரே கக்கூஸ். மழை பெய்தால் எட்டு வீட்டுக்கும் ஒரே சத்தம். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் எட்டு வீட்டிலும் சோறு கூட இறங்கும். பரந்தாமன் நல்ல மனிதர், ஒரே ஒரு விஷயம் தவிர. டி.பி. என்றால் அவருக்கு நடுங்கும். எண்பத்து நாலில் இரண்டாம் வீட்டுக்காரன் ரத்தமாகத் துப்பினான் என்று அந்தக் குடும்பத்தை ஒரே வாரத்தில் காலி செய்ய வைத்துவிட்டு, மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தார்.

மறு வருஷமே பொன்னம்மாளுக்கு இருமல் வந்தது. யார் கேட்டாலும் சளி என்றாள். வேலைக்கு மட்டும் விடாமல் போனாள். தேவராஜ் மாசம் ஒருமுறை கையில் பேப்பர் பொட்டலத்தோடு வருவான். கேட்டால் வெற்றிலை என்பான். வெற்றிலை போடாத வீட்டில் ஏனடா வெற்றிலை என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. எட்டு மாதம் போனது. இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

சந்துக் கடைசியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஜெபவீடு. போதகர் பால்ராஜ், சபையார் வாயில் ஐயர், முன்பு எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். பிரசங்கத்துக்கு நடுவில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றெல்லாம் வரும். சுவரில் பத்துக் கட்டளைகளை, கம்பெனி போர்டு எழுதுகிற ஆளைவைத்தே எழுதியிருந்தார்கள். எண்பத்தேழு புத்தாண்டு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். ஒருவர் எழுந்து கால் வீக்கம் வற்றியதைச் சொன்னார். ஒரு அம்மா பிள்ளைக்கு மஞ்சள்காமாலை இறங்கியதைச் சொன்னாள். வெள்ளானூர்க்காரர் ஒருவர் தன் எருமை எழுந்து நின்றதைச் சொன்னார். மூன்று சாட்சிக்கும் கடைசி வரி ஒன்றுதான்: மருந்து மாத்திரை இல்லாமல் கர்த்தர் சுகம் தந்தார், ஸ்தோத்திரம்.

நாலாவதாகப் பொன்னம்மாள் எழுந்தாள். அவள் சொல்ல நினைத்தது நன்றி மட்டும். தனக்கு டி.பி. இருந்தது, ஆண்டவர் கைவிடவில்லை, வீட்டை விட்டுத் துரத்தப்படவில்லை, இன்றைக்கு நிற்கிறேன். அவ்வளவும் சரியாகத்தான் வந்தது. உட்காரப்போகும்போது அந்தக் கடைசி வரி தானாக வாயிலிருந்து இறங்கிவிட்டது. வரிசையில் மூன்று பேர் கும்பிட்டால் நாலாமவர் கை தானாகக் குவிகிற மாதிரி.

அல்லேலூயா என்று ஷெட்டே எழுந்து நின்றது. போதகரம்மா அழுதாள். கால் வீக்கத்துக்கும் காமாலைக்கும் கிடைக்காத அல்லேலூயா அது. டி.பி.யாயிற்றே! அடுத்த வாரம் ஐயரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஐயரே வந்து, நெமிலிச்சேரி கூட்டத்தில் உன் சாட்சியைச் சொல்ல வேண்டும், வேன் வருகிறது என்றார். வேனில் முன் சீட்டு கொடுத்தார்கள்.

அப்புறம் ஆவடி. அப்புறம் பூந்தமல்லி. போகப் போகச் சாட்சிக்கும் சதை வைத்தது. நெமிலிச்சேரியில் நெஞ்சில் புண் என்று இருந்தது, ஆவடிக்குப் போனபோது ஒரு பக்க நுரையீரலே இல்லை என்றாகியிருந்தது. சபையில் பாயில் உட்காரும்போது மட்டும் அவள் தூணுக்குப் பின்னால் இடம் பார்த்துக்கொள்வாள். அங்கே இருந்து பார்த்தால் சுவரில் எட்டாம் கட்டளை வரைதான் தெரியும். ஒன்பதாவது பொய்ச்சாட்சியைப் பற்றியது.

வேம்புலி கத்திய அந்த வியாழக்கிழமை முழுக்கப் பொன்னம்மாள் நட்டுகளைச் சோதித்தாள். அதுதான் அவள் வேலை. கையில் இரு முனையுள்ள ஓர் அளவுக்கட்டை, கேஜ் என்பார்கள். ஒரு முனை நட்டுக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் தப்பு, போகக்கூடாதது போனாலும் தப்பு. தப்பானவற்றுக்கு இரண்டு தொட்டி: ஒன்று திரும்ப மரை போட்டுச் சரிசெய்ய, இன்னொன்று உருக்க. ஒரு நாளைக்கு நாலாயிரம் நட்டு அவள் கையில் பொய் சொல்லாமல் போய் வரும். அன்றைக்கு மத்தியானம் வரை அறுபது நல்ல நட்டுகளை உருக்கும் தொட்டியில் போட்டுவிட்டாள் என்று சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் கண்டுபிடித்தார்.

“இன்னாம்மா, உடம்பு செரியில்லியா?”

“இல்ல சார். மனசு.”

“அதுக்கு இங்க கேஜ் இல்லம்மா,” என்று சொல்லிவிட்டு அவர் நட்டுகளைப் பொறுக்கி எடுத்தார்.

சாயந்திரம் தூறல். பொன்னம்மாள் நொய்க்கஞ்சி காய்ச்சி, பருப்புத் துவையல் வைத்து, தாயம்மா வீட்டுக்குப் போனாள். வேம்புலி வண்டியோடு போயிருந்தான். மகள் செல்வி மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“தாயம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. நானும் மாத்திரை சாப்புட்டேன். எட்டு மாசம். இதே செவப்பு மாத்திரதான். உங்க அண்ணன் வாங்கியாந்து குடுத்தாரு. நான் சபைல சொன்னது பொய்யி.”

மூன்று வருஷமாக நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. சொன்னதும் எல்லாம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள். தாயம்மா கஞ்சியை ஊதிக் குடித்தாள்.

“அந்தாளு சொல்லச் சொன்னாரா?”

“யாரு?”

“எங்க ஊட்டுக்காரு. காலைல அவ்ளோ கத்து கத்திச்சு. நீ எனக்காவ பொய் சொல்ல வந்துட்டியாக்கா? எனுக்கு தெரியும்க்கா உன் மனசு. எனக்கு சோதனை வெக்கிறாரு கர்த்தரு. நான் பின்வாங்க மாட்டேன்.”

“அய்யோ, மெய்யாலுமே சொல்றேண்டி!”

“வேன்ல ஏறி ஏறிப் போயி ஆயிரம் பேரு எதுர்ல சொன்னியே, அது பொய்யி, இப்போ கஞ்சிக் கிண்ணத்தோட வந்து காதுல சொல்றது நெசமா? போக்கா.” தாயம்மா அவள் கையைப் பிடித்து அன்பாகத் தட்டிக்கொடுத்தாள். “துவையல் சோக்கா கீது.”

இதுதான் வேடிக்கை. பொய்யை ஒரே மூச்சில் நம்பிய சனம், உண்மைக்குச் சாட்சி கேட்கிறது. பொன்னம்மாள் காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்து பம்படியில் நின்று அழுதாள்.

பம்படியில் கெங்கம்மாள் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காலையில் அந்தப் பார்வை புரிந்தது என்றேனே, அவள்தான். எட்டாம் வீடு. கக்கூஸை ஒட்டிய வீடு என்பதால் வாடகை கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவுக்காக அவள்தான் தினமும் கக்கூஸைப் பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும். இதனால் எட்டு வீட்டு வயிறும் அவளுக்கு அத்துப்படி. யாருக்குச் சீதபேதி, எந்த வீட்டுப் பெண்ணுக்கு நாள் தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்னால் கெங்கம்மாளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் மத்தியானத்துக்குள் நமக்கும் தெரிந்துவிடும். மண்ணூர்பேட்டைக்கு அவள்தான் தினசரிப் பேப்பர்.

“நம்பலியா?” என்றாள் கெங்கம்மாள், மீனிலிருந்து கண்ணெடுக்காமல்.

“எத்த, பெரியம்மா?”

“நீ மாத்திரை தின்னத.”

பொன்னம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது. “உனுக்கு எப்டி தெரியும்?”

“அந்த செவப்பு மாத்திரை முழுங்குனா ஒண்ணுக்கு கேசரிப்பவுடர் கரைச்சாப்புல போவும். எட்டு மாசம் நான்தானடி அத்த கழுவுனேன்? மொதல்ல ரத்தம்னு நெனச்சி பயந்துட்டேன். அப்பால ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மாவாண்ட கேட்டுக்கினேன்.”

“நீ... யார்கிட்டயும் சொல்லலியா?”

“சொல்லியிருந்தா பரந்தாமன் உன்ன அடுத்த நாளே ரோட்டுல நிறுத்தியிருப்பான். ஊரு வாய்க்கு நான் தீனி போடுவேன், இல்லன்னு சொல்லல. அதுக்காக ஒரு குடும்பத்தயா எடுத்து போடுவேன்?” மீன் தலையைக் கிள்ளிக் காக்கைக்கு எறிந்தாள். “நீ சபைல நின்னு பேசுனத கேட்டப்பதான் சிரிப்பு வந்துச்சி. செரி, சாமி வெவகாரம், நமக்கு இன்னாத்துக்குன்னு உட்டுட்டேன். இப்போ அந்தப் பொண்ணு செத்துடும் போல கீதே. இன்னா பண்ணப் போற?”

“ஐயராண்ட சொல்லப் போறேன்.”

“சொல்லு. ஆனா ஒண்ணு. ரெண்டு வருசம் முந்தி வேம்புலி ஊட்ல ஜெபக்கூட்டம் போட்டப்போ உங்க ஐயரு நம்ம கக்கூஸுக்கு ஒருதபா வந்தாரு. அவரு போன அப்பால எறும்பு சாரை சாரையா வந்துச்சி. சக்கரை கீது அவருக்கு. அவரும் எதுனா முழுங்கிக்கினுதான் இருப்பாரு.”

வரிசையிலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்தவள் மூன்று வருஷம் ஒரு ரகசியத்தை அடக்கியிருக்கிறாள். நம்மால் மூன்று மணி நேரம் முடியாது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பொன்னம்மாள் நேரே ஜெபவீட்டுக்குப் போனாள். போதகர் பால்ராஜ் ஏணியில் ஏறி, ஒழுகுகிற ஷீட்டுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். அவள் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஏணியிலிருந்து இறங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

“யார் யாருக்குத் தெரியும், சகோதரி?”

“எங்க ஊட்டுக்காருக்கு. கெங்கம்மா பெரியம்மாவுக்கு. தாயம்மாவாண்ட சொன்னேன், நம்பல. சபைல சொன்னாத்தான் நம்புவா போல கீது ஐயா.”

அவர் தார்க்கையைத் துணியில் துடைத்தார். “சபையில வேணாம்மா. உன் சாட்சியைக் கேட்டு எத்தனை பேர் உள்ள வந்திருக்காங்க! நெமிலிச்சேரியில ஒரு கிளையே ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போய் பொய்யின்னு சொன்னா எத்தனை பேருக்கு இடறல்? நான் தாயம்மாகிட்ட பேசறேன். நீ ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணு. அவர் மன்னிப்பார்.”

“அவரு மன்னிச்சுடுவாரு ஐயா. அவரு அப்பவே கேட்டுக்கினுதான இருந்தாரு. தாயம்மாதான் சாவப்போறா.”

அவர் தார் டப்பாவை மூடினார்.

“அவரு சொகம் குடுத்தது பொய்யில்ல ஐயா. க்யூல நின்னு வாங்கியாந்த எங்க ஊட்டுக்காரு கையால குடுத்தாரு. டாக்டரு கையால குடுத்தாரு. அந்த கைய எல்லாம் நான் சபைல மறைச்சிட்டேன். அவ்ளோதான் என் பாவம்.”

அன்றைக்கே போதகர் தாயம்மா வீட்டுக்கு வந்து மாத்திரை சாப்பிடச் சொன்னது உண்மை. “ஐயா, உங்களுக்கும் விசுவாசம் கொறஞ்சிடுச்சா?” என்று அவள் கேட்டதும், அவர் குடையை மறந்து மழையில் நனைந்துகொண்டு திரும்பிப் போனதும் உண்மை. நாம்தான் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் வழக்கம்போல் அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். வழக்கமாக வாசலோடு போய்விடுவான், டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். அன்றைக்குச் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றான். வேம்புலி தாயம்மாவை வண்டியில் பாய் விரித்து உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வாசலில் கெங்கம்மாள், வாய் நிறைய வெற்றிலையோடு. சபைக்குச் சம்பந்தமில்லாத நாமும் ஏழெட்டுப் பேர். மழைக்கு ஒதுங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சி நேரம் வந்தது. பொன்னம்மாள் எழுந்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள்.

“நான் மருந்து மாத்திரை இல்லாம சொகமானேன்னு சொன்னேன்,” என்று ஆரம்பித்தாள். பழக்கத்தில் ரெண்டு பேர் அல்லேலூயா என்றார்கள். “அது பொய்யி. எட்டு மாசம் ஒரு நாள் உடாம மாத்திரை சாப்புட்டேன். வாய் தவறி சொல்லிட்டேன். அப்பால தெரிஞ்சே சொன்னேன். ஊரு ஊரா போய் சொன்னேன். வேன்ல முன் சீட்டு குடுத்தாங்க, எனுக்கு ஆசையா இருந்துச்சி. என்ன நம்பி ஒருத்தி மாத்திரய அரிசிப்பானைல போட்டு வெச்சிகீறா. என்ன மன்னிச்சிடுங்க.”

முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளானூர் எருமைக்காரர், “சாத்தானின் சோதனை!” என்று எழுந்தார். பின்வரிசையில் தாயம்மா சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

“பொய்யி! அக்காவ மெரட்டி சொல்ல வெச்சிட்டாங்க! எங்க ஊட்டுக்காரும் ஐயரும் சேர்ந்துகினு...”

“இந்தா, குந்துடி!”

வாசலில் கெங்கம்மாள் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். “எனுக்கு உங்க சாமியும் தெரியாது, சாட்சி சொல்ற மொறையும் தெரியாது. நான் கண்ணால பாத்தத சொல்றேன்.” சொன்னாள். கேசரிப்பவுடரிலிருந்து பினாயில் வரை ஒன்று விடாமல் சொன்னாள். எட்டு மாதம், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, தீபாவளிக்கு மறுநாள் எந்த நிறம், எல்லாம். போதகரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்தன. பிறகு பெரியவர்களும். சிரிக்காதது இரண்டு பேர்: ஒருத்தி தாயம்மா, இன்னொருவர் மேடையில் நின்ற பால்ராஜ்.

“நீயும் ரெண்டு மாசம் முந்தி கொஞ்ச நாளு அந்த கலரு போன தாயம்மா. அப்பால நின்னுடுச்சி. நீ முழுங்கலன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாம உட்டது என் தப்பு. வேம்புலியாண்ட பானையப் பாருன்னு சொன்னது நான்தான்.” திரும்பி மேடையைப் பார்த்தாள். “அவ்ளோதான். மிச்சத்த ஐயரு சொல்லுவாரு.”

நம் கழுத்தெல்லாம் ஐயர் பக்கம் திரும்பியது.

பால்ராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பாதி காலியாக இருந்தது. அதைப் பிரசங்கப் பீடத்தில், பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஆறு வருஷமா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறேன்,” என்றார். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வியாதிக்காரங்களுக்காக இதே கையை வெச்சி ஜெபம் பண்றவன் மாத்திரை சாப்பிடறான்னு தெரிஞ்சா என்ன நினைப்பீங்களோன்னு மறைச்சேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தா இந்தச் சகோதரிக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது. நூறில் ஒரு பங்கு பிசகினா நட்டு சேராதுன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.” பின்வரிசையைப் பார்த்தார். “சகோதரி தாயம்மா, மாத்திரை சாப்பிடும்மா. எங்க ரெண்டு பேரையும் நம்பி நீ சாகக்கூடாது.”

தாயம்மா அழவில்லை. பொன்னம்மாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நம்பியவர்களுக்கு ஏமாந்த கோபம் வருகிறபோது முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தோம்.

“என்னாண்ட பேசாதக்கா,” என்றாள். அவ்வளவுதான். வேம்புலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

சபை ஒழுங்குப்படி பொன்னம்மாள் இரண்டு மாதம் திருவிருந்து அப்பம் எடுக்கக்கூடாது என்று முடிவாயிற்று. போதகர் தனக்கும் அதையே விதித்துக்கொண்டார். அப்பம் பிட்டுக் கொடுக்க நெமிலிச்சேரியிலிருந்து ஒரு மூப்பர் ரயிலேறி வந்தார். சபையில் கொஞ்சம் பேர் நின்றுவிட்டார்கள், எருமைக்காரர் உட்பட. வேன் அப்புறம் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, முதல் சங்குக்கு முன்னால், பொன்னம்மாள் ஒரு டம்ளர் வெந்நீரோடு மூன்றாம் வீட்டு வாசலில் நின்றாள். தாயம்மா கதவைத் திறந்தாள், டம்ளரை வாங்கினாள், மாத்திரையைப் போட்டு விழுங்கினாள், கதவைச் சாத்தினாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஒரு வார்த்தை கிடையாது. பரந்தாமனுக்கு விஷயம் எட்டி, காலி பண்ணச் சொல்ல வந்தார். கெங்கம்மாள் அவரைக் கக்கூஸ் பக்கம் தனியே கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசினாள். போனவர் அதைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை. என்ன சொன்னாள் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. அந்த ஒரு குறை இருக்கிறது.

தினமும் காலையில் வாளியும் விளக்குமாறுமாகக் கெங்கம்மாள் வெளியே வந்து, பம்படியில் நிற்கிற பொன்னம்மாளிடம் சொல்லிவிட்டுப் போவாள்: “செவப்பு.” அவ்வளவுதான் செய்தி. பொன்னம்மாள் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

மார்கழியில் ஒரு நாள் கெங்கம்மாள் வாளியை வைத்துவிட்டு நின்றாள். “நேத்தும் இன்னிக்கும் வெறும் மஞ்சள்டி.”

பொன்னம்மாள் டம்ளரோடு போனாள். அன்றைக்கு வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள். தாயம்மா நாக்கடியில் ஒளித்த குளிகையைக் கையில் துப்பினாள்.

“வாந்தி வருதுக்கா. வெறும் வயித்துல எறங்கல,” என்றாள். ஆறு வாரம் கழித்து அக்கா என்று வந்தது.

“எனுக்கும் வந்துச்சி. ரெண்டு இட்லி சாப்ட்டு அப்பால போட்டுக்குவேன். சொல்லியிருக்கணும் உனுக்கு.”

“நீ எங்க சொன்ன? வேன்ல ஏறி வேற கதையல்ல சொல்லிகினு இருந்த?”

பொன்னம்மாள் சிரித்துவிட்டாள். தாயம்மாவும். பொன்னம்மாள் ஓடிப்போய் இரண்டு இட்லியும் கொஞ்சம் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்தாள். அன்றைக்கு வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம். ஞாயிற்றுக்கிழமை தாயம்மா சபைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஞானஸ்நானம் எடுக்காதவளாகையால் அவளுக்கும் அப்பம் கிடையாது. பொன்னம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தூண் மறைக்காத இடம். பத்துக் கட்டளையும் தெரிந்தன.

அடுத்த ஆடி மாதம் டாக்டர் போதும் என்றார். கெங்கம்மாளும் அதே வாரம், “மஞ்சள், இனிமே மஞ்சள்தான்,” என்று வரிசைக்கே கேட்கும்படி அறிவித்தாள்.

தொண்ணூற்று மூன்றில் பரந்தாமன் வரிசையை இடித்துக் குடோன் கட்டினார். வேம்புலி வெள்ளானூரில் மனை வாங்கிப் போனான். தேவராஜும் பொன்னம்மாளும் ஆவடிப் பக்கம். தேவராஜ் இன்னும் சபை வாசல் வரைதான். ஆனால் இப்போது டீக்கடைக்குப் போவதில்லை, ஜன்னலோரம் நிற்கிறான். பால்ராஜ் ஐயர் ஜெபம் பண்ணி முடித்ததும், மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. கெங்கம்மாள் நெமிலிச்சேரியில் மகன் வீட்டுக்குப் போனாள். அங்கே வீட்டுக்குள்ளேயே டைல்ஸ் போட்ட கக்கூஸ். தெருவில் யாருக்கு என்ன என்றே தெரிவதில்லை, உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரிவதில்லை என்று புலம்புவாள்.

தொண்ணூற்றாறில் செல்விக்கு வெள்ளானூரில் கல்யாணம். மாப்பிள்ளை எஸ்டேட்டிலேயே வெல்டர், ரகுநாதன். வாசலில் பந்தல் போட்டுப் பால்ராஜ் ஐயர் ஜெபம் பண்ணினார். தாயம்மா சதை பிடித்து, வளையல் மணிக்கட்டிலேயே நின்று, பந்தி பந்தியாய்ப் பரிமாறினாள். பழைய வரிசை முழுக்க வந்திருந்தோம். கெங்கம்மாள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக, சாப்பாட்டுப் பந்தல் முழுக்கக் கேட்கும்படி, “கக்கூஸ் எங்க கீது?” என்றாள். வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தோம்.

ஐந்து நிமிஷம் கழித்து வந்தாள். பொன்னம்மாளுக்கும் தாயம்மாவுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தாள்.

“எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க,” என்றாள். “சோத்தப் போடு.”